அஞ்சாம் ஆண்டுப் பரீட்சையும் நம் வீட்டு இஸ்தோப்பும்

(தோட்டக் கமிட்டியும் மாதர் குழுவும் சேர்ந்து கூட்டிய பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்றைக்குச் சம்பளம் பற்றிப் பேச்சு இல்லை, பிள்ளைகளின் பரீட்சை பற்றித்தான் என்று பிரட்டுக்களத்தில் அறிவித்தபோது, "அதுக்கு எதுக்குச் சங்கம்?" என்று ஒரு அண்ணன் கேட்டார். கேட்டது நல்லது. டியூசன் காசு சம்பளத்திலிருந்துதான் போகிறது அண்ணன். அதனால் இதுவும் சம்பளப் பேச்சுதான்.

போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். பேர் சொல்ல மாட்டோம். ஒரு தாய் தன் மகளைப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக டவுனில் ஒரு வகுப்பில் சேர்த்தார். சனியும் ஞாயிறும் வகுப்பு. பத்து வயதுப் பிள்ளையைத் தனியே பஸ்ஸில் ஏற்றிவிட முடியாது. ஆகவே சனிக்கிழமை பேர் போச்சு. வகுப்புக் காசு, பஸ் காசு, 'மாதிரி வினாத்தாள்' என்று வாரத்துக்கு ஒரு கட்டுக் காகிதத்தின் காசு. வட்டிக்கு வாங்கித்தான் கட்டினார். பிள்ளை 70 புள்ளிக்கு மேலே எடுத்தது. ஆனால் வெட்டுப்புள்ளிக்குச் சில புள்ளிகள் குறைவு. பெறுபேறு வந்த மறுநாள் அந்தப் பிள்ளை எங்களிடம் வந்து கேட்ட கேள்வி, எந்தப் பாடசாலைக்குப் போவது என்பதல்ல. "அம்மா வாங்கின கடன் என்னாலதானே டீச்சர்?" என்று கேட்டது.

அன்றைக்கு எங்களுக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் இந்தக் கூட்டம்.

முதலில் பரீட்சை என்னவென்று தெளிவாக வைத்துக்கொள்வோம். இரண்டு வினாத்தாள். ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி. இரண்டாம் வினாத்தாளில் தமிழ், கணிதம், சுற்றாடல் என்று வகுப்பில் படித்தது வரும். அதை நாங்கள் பாடசாலையில் பார்த்துக்கொள்கிறோம், அது எங்கள் வேலை. நீங்கள் பயப்படுவது முதலாம் வினாத்தாளுக்கு. அதுதான் நுண்ணறிவு. 40 வினா, 60 நிமிடம். படங்கள் வரும், இலக்கங்கள் வரும், பெட்டி வரும், கண்ணாடி வரும், உறவுமுறை வரும். பாடப் புத்தகத்தில் இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டால் எந்தப் பக்கத்திலும் இல்லை. அந்தப் பயத்தைத்தான் டவுனில் விற்கிறார்கள்.

இந்தத் தாளை மனப்பாடம் செய்ய முடியாது. "இதுதான் வரும்" என்று எவராவது காகிதம் விற்றால் அது ஒன்றில் பொய், இல்லாவிட்டால் களவு. 2024 செப்டெம்பரில் நடந்த பரீட்சையில் முதலாம் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, நாடே கலங்கி, கடைசியில் உயர் நீதிமன்றம் வரை போய், அந்த மூன்று வினாவுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி கொடுக்கவேண்டி வந்ததே, மறந்துவிட்டோமா? காசு கொடுத்து எதிர்பார்ப்புத் தாள் வாங்கியவர்களுக்கு அதில் என்ன மிச்சம்? பெறுபேறு வரும்வரை பிள்ளைகள் மாதக்கணக்கில் தவித்ததுதான்.

சரி, அப்படியென்றால் வீட்டில் என்ன செய்வது? "நாங்க எழுதப் படிக்கத் தெரியாத ஆட்கள், எங்களால என்ன செய்ய முடியும்?" என்று மேல் லயத்து அக்கா ஒருவர் கேட்டார். அவர் கொழுந்து எடுக்கிறதைப் பாருங்கள். இரண்டு இலையும் ஒரு அரும்பும் எது, முத்தின இலை எது என்று அவர் கை ஒரு நொடியில் பிரிக்கிறது. 'வேறுபட்டது எது?' என்று வினாத்தாளில் கேட்பதும் அதைத்தான். நமக்குத் தெரியாதது அந்த வேலை அல்ல, அதைக் காகிதத்தில் கேட்கிற விதம்.

கண்ணாடியில் இருந்து தொடங்குவோம். 'இந்த உருவத்தின் கண்ணாடி விம்பம் எது?' என்று கேட்பார்கள். வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடி இருக்கிறது. காகிதத்தில் 'ப' எழுதி அதன் முன்னால் பிடிக்கச் சொல்லுங்கள். மாறாது. 'ட' எழுதிப் பிடிக்கச் சொல்லுங்கள். திரும்பிவிடும். ஏன் ஒன்று மாறுகிறது, மற்றது மாறவில்லை? பிள்ளையே சொல்லட்டும். பிறகு கண்ணாடியைத் தள்ளிவைத்து, மனதிலேயே திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் இதை விளையாடினால் அந்த வகை வினா பயம் காட்டாது.

அடுத்தது பெட்டி. விரித்துவைத்த பெட்டியின் படத்தைப் போட்டு, மடித்தால் எந்தப் பக்கத்துக்கு எதிரே எந்தப் பக்கம் வரும் என்று கேட்பார்கள். நம் பிள்ளைகள் அதிகம் பிழைவிடுவது இதில்தான். சவர்க்காரம் வந்த பெட்டியை வீசாதீர்கள். ஆறு பக்கத்திலும் 1 முதல் 6 வரை எழுதச் சொல்லி, ஓரங்களை வெட்டி விரித்து, திரும்ப மடிக்கச் சொல்லுங்கள். கையால் மடித்த பிள்ளைதான் பிறகு கண்ணால் மடிக்கும். இதைப் படத்தில் மட்டும் பத்துத் தரம் விளக்கி நாங்களும் தோற்றிருக்கிறோம். பெட்டியைக் கையில் கொடுத்த அன்றுதான் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

திசை வினாவும் அப்படித்தான். 'வடக்கு நோக்கி நடந்த ஒருவன் வலப்பக்கம் திரும்பி, மறுபடியும் வலப்பக்கம் திரும்பினால் இப்போது எந்தத் திசையை நோக்கி நிற்கிறான்?' உட்கார்ந்துகொண்டு யோசித்தால் குழம்பும். லயத்து வாசலில் இறக்கி நடக்கவிடுங்கள். தெற்கு என்று கால் சொல்லும்.

உறவுமுறையில் நம் பிள்ளைகளை வெல்ல ஆள் இல்லை. லயத்தில் பன்னிரண்டு காம்பராவிலும் யாருக்கு யார் என்ன முறை என்று அவர்களுக்குத் தெரியும். 'குமாரின் தந்தையின் ஒரே சகோதரியின் மகன் ரவி. ரவியின் தாய் குமாருக்கு என்ன முறை?' என்று தாளில் வந்தால் விழிப்பார்கள். "உன் அப்பாவோட தங்கச்சி உனக்கு யாரு?" என்று கேளுங்கள், "அத்தை" என்று உடனே வரும். ஆகவே இப்படிச் சுற்றிச் சுற்றிக் கேட்டுப் பழக்குங்கள். ரொட்டி தட்டும்போதே கேட்கலாம்.

கணக்குக்கு நிறுவைத் துண்டு போதும். காலையில் 7 கிலோ, பகலில் 6 கிலோ. ஒவ்வொரு நிறுவையிலும் 1 கிலோ கழிக்கிறார்கள் என்று வையுங்கள். கழிவு போக 18 நிற்க வேண்டுமென்றால் அந்தியில் எத்தனை கிலோ எடுக்க வேண்டும்? எட்டு. இந்தக் கணக்கைப் பிள்ளை கல்லெழுத்துப்போல் சொல்லும், ஏனென்றால் அது அம்மாவின் கூடைக் கணக்கு. (இப்படிப் பழகின ஒரு பையன் தன் அம்மாவின் மாதக் கணக்கில் இரண்டு கிலோ விடுபட்டதைக் கண்டுபிடித்தான். அந்த வேலைக்கு அவனைத் தலைவராகப் போடலாமா என்று கமிட்டியில் சிரித்தார்கள்.)

இலக்கத் தொடரும் கொடுக்கலாம். 2, 5, 11, 23, அடுத்தது என்ன? வகுப்பில் ஒரு பிள்ளை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டிப் போனது. இன்னொரு பிள்ளை இடைவெளியைப் பார்த்தது: 3, 6, 12, ஆகவே அடுத்து 24. இரண்டு பேருக்கும் 47 வந்தது. இதில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. விடை சரியோ பிழையோ, "எப்படிப் பிள்ள கண்டுபிடிச்ச?" என்று கேளுங்கள். உங்களுக்கு விடை தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொல்லிக்கொண்டு போகும்போதே தன் பிழையைத் தானே பிடித்துக்கொள்ளும். எழுத்து வாசனையே இல்லாத ஒரு அப்பாயி இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பேரனை ஒரு வருடம் தயார்செய்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். 'போஞ்சி, கரட், கத்தரி, தக்காளி: வேறுபட்டது எது?' என்று கொடுத்தோம். கரட் என்பதுதான் எதிர்பார்த்த விடை, அது மண்ணுக்குள் விளைகிறது. ஒரு பிள்ளை கத்தரி என்றது. ஏன் என்று கேட்டால், "மத்ததெல்லாம் நம்ம தோட்டத்துல வரும், கத்தரி இந்தக் குளிருக்கு வராது" என்றது. இந்தப் பிள்ளையை முட்டாள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆனால் தாளில் புள்ளி கிடைக்காது. அடிக்காமல், திட்டாமல், "உன் காரணம் சரிதான். கேள்வி கேட்டவர் எதை நினைச்சிருப்பாரு?" என்று கேட்கப் பழக்க வேண்டும். தாள் போடுகிறவர்களுக்கு நம் மலை தெரியாது. நம் பிள்ளை இரண்டு உலகத்தையும் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருக்கிறது. அது நியாயமில்லை என்பது வேறு பேச்சு, அதையும் பேசத்தான் போகிறோம்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 60 நிமிடத்தில் 40 வினா என்றால் ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், ஆனால் பிடிவாதக்காரர்கள். ஒரு வினாவில் சிக்கினால் அதிலேயே நிற்பார்கள். நிரையில் ஒரு செடி மூடிக்கிடந்தால் அதிலேயே பொழுது போக்குவோமா? விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ, கடைசியில் திரும்பி வா, எதையும் வெறுமையாய் விடாதே என்று பழக்குங்கள். இதற்குக் கடந்தகால வினாத்தாளும் ஒரு மணிக்கூடும் போதும். தாளை நாங்கள் தருகிறோம். ஆனால் பரீட்சைக்கு ஐந்து ஆறு மாதத்துக்கு முன்பே தாள் தாளாய்த் திணிக்க வேண்டாம். வாரத்துக்கு ஒன்று, கடைசி இரண்டு மாதத்தில் இரண்டு. அதற்கு மேலே போனால் பிள்ளைக்குத் தாளைக் கண்டாலே வயிற்றுவலி வரும். வந்ததைப் பார்த்திருக்கிறோம்.

சங்கத்துக்குள்ளேயே ஒரு கருத்து இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. "பத்து வயதுப் பிள்ளையை வடிகட்டுகிற பரீட்சையே வேண்டாம், அதை எடுக்கச் சொல்லிப் போராடாமல், பரீட்சைக்குப் பழக்குகிறீர்களே" என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். பரீட்சை பற்றி அவர்கள் சொல்வது எங்களுக்கும் உடன்பாடுதான். எல்லாப் பாடசாலையும் நல்ல பாடசாலையாக இருந்தால் எதற்கு இந்த ஓட்டம்? நம் தோட்டப் பாடசாலைகளில் பல அஞ்சாம் தரத்தோடு முடிகின்றன. ஆறாம் தரத்துக்கு எப்படியும் வேறு பாடசாலை தேட வேண்டும். அதனால்தான் நம் தாய்மார் இந்தப் பரீட்சையை வேறு யாரையும்விட இறுகப் பிடிக்கிறார்கள். அந்தக் கோரிக்கையை விடப்போவதில்லை. ஆனால் இந்த வருடம் அஞ்சாம் தரத்தில் இருக்கிற பிள்ளைக்கு, கோரிக்கை வெல்லும்வரை பொறுத்திரு என்று சொல்ல முடியாது.

வெட்டுப்புள்ளியைப் பற்றியும் விளங்கிக்கொள்ளுங்கள். அது மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப வேறுபடும், வருடத்துக்கு வருடமும் மாறும். நல்ல பாடசாலைகளில் இருக்கிற இடம் கொஞ்சம், கேட்கிற பிள்ளைகள் அதிகம். அதனால் போட்ட கோடு அது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிற பிள்ளைக்குப் படிப்பு முடிந்துவிடவில்லை. ஆறாம் தரத்துக்குப் போகலாம், சாதாரண தரம் எழுதலாம், உயர்தரம் எழுதலாம். எங்கள் வலயத்தில் இன்று படிப்பிக்கிற எத்தனையோ ஆசிரியர்கள் அஞ்சாம் ஆண்டில் கோட்டுக்குக் கீழே நின்றவர்கள்தான். இங்கே பேசிக்கொண்டிருப்பதும் அப்படி ஒரு ஆள்தான். ஆகவே பெறுபேறு வருகிற நாளில் பக்கத்துக் காம்பராப் பிள்ளையின் புள்ளியை உங்கள் பிள்ளையின் முன்னால் சொல்லாதீர்கள். செலவழித்த காசையும் சொல்லாதீர்கள்.

இனி, சேர்ந்து செய்ய வேண்டியவை. ஒரு காம்பராவில் ஆறு ஏழு பேர், ஒரே பல்ப். ஒரு தாய் தனியே நின்று பக்கத்து வீட்டு டீவியை நிறுத்த முடியாது. லயமே முடிவெடுத்தால் முடியும். மேல் லயத்தில் போன மாதம் முடிவெடுத்தார்கள்: அந்திக்கு ஏழு முதல் எட்டு வரை டீவியும் பாட்டும் சத்தம் குறைவு. முதல் வாரம் இரண்டு இடத்தில் சண்டை வந்தது, உண்மைதான். இப்போது சண்டை இல்லை. நாடகம் பார்க்கிற பாட்டிமார்தான் இன்னும் கொஞ்சம் முணுமுணுக்கிறார்கள். மற்ற லயங்களிலும் தலைவிமார் இந்த வாரம் பேசிப் பாருங்கள்.

டவுன் வகுப்புக்கு அனுப்ப வேண்டாம் என்று யாரையும் தடுக்கவில்லை. வட்டிக்கு வாங்கி அனுப்ப வேண்டாம் என்கிறோம். அதற்குப் பதிலாக, வருகிற சனிக்கிழமை முதல் அந்திக்கு மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை பிள்ளைக் காம்பராவில் வகுப்பு. காசு இல்லை. எங்களில் இரண்டு ஆசிரியர்கள் மாறி மாறி வருவோம். உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் மூன்று பிள்ளைகளும் உதவிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வினாத்தாள் போட்டோகொப்பிச் செலவைச் சந்தாவிலிருந்து கொடுக்கக் கமிட்டி சம்மதித்திருக்கிறது. அண்ணன், நீங்கள் கேட்ட கேள்விக்கு அதுவும் ஒரு பதில்.

பிள்ளைகளிடம் பென்சிலும் ஒரு சவர்க்காரப் பெட்டியும் கொடுத்தனுப்புங்கள். பிள்ளைக் காம்பராவின் பின்பக்கம் பல்ப் இல்லை, வெள்ளிக்கிழமைக்குள் யாராவது போட்டுவிட வேண்டும். சாவி தலைவர் வீட்டில் இருக்கிறது.