மலைமேல் ஒரு பழைய தலைநகர்: கண்டி



இன்றைய பேச்சில் நாம் எல்லோருமாக ஓர் ஊரைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம். அந்த ஊரின் பெயரை உங்களில் பலர் சிறு வயதிலேயே கேட்டிருப்பீர்கள். தாத்தாவோ பாட்டியோ பழைய கதை பேசும்போது, "நாங்கள் மலாயாவுக்குக் கப்பல் ஏறினோம். பெரியப்பா குடும்பம் கண்டிக்குப் போய்விட்டது" என்று சொல்லியிருப்பார்கள். அந்தக் கண்டிதான் நாம் பார்க்கப் போகும் ஊர்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் அந்தக் காலத்தில் கண்டி என்றால் ஒரு நகரம் மட்டும் அல்ல. இலங்கையின் மலைத்தோட்டங்கள் முழுவதற்கும் கண்டிச் சீமை என்றே பெயர். அந்தச் சீமைக்குப் பெயர் தந்த நகரம் இன்றும் மலைகளுக்கு நடுவே அழகாக இருக்கிறது. சாங்கியில் விமானம் ஏறினால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து கண்டி சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவு. ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து போகும் பிள்ளைகள் பெற்றோரை ஒரு தடவை அழைத்துப்போய்க் காட்டத் தகுந்த ஊர் அது.

முதலில், கண்டி ஏன் தலைநகர் ஆயிற்று என்பதைத் தெரிந்துகொள்வோம்.

கண்டி கடல்மட்டத்துக்குமேல் சுமார் 500 மீட்டர், அதாவது 1,600 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. சிங்கப்பூரின் உயர்ந்த குன்றாகிய புக்கிட் தீமாவைப் போல் மூன்று மடங்கு உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுவரெலியாவைப் போலக் குளிர் நடுக்கும் ஊர் அல்ல. ஆனால் சுற்றிலும் மலை; மூன்று பக்கம் மகாவலி ஆறு வளைந்து ஓடுகிறது. அக்காலத்தில் கரையோரத்திலிருந்து ஏறி வரக் காட்டு ஒற்றையடிப் பாதைகளே இருந்தன. சிங்கள மக்கள் இதை மகநுவர, அதாவது பெருநகர், என்று அழைக்கிறார்கள். மலைநாடு என்ற பொருள் தரும் 'கந்த உடரட்ட' என்ற சொல்லைப் போர்த்துக்கேயர் சுருக்கியதால் கண்டி என்ற பெயர் வந்தது.

அந்தப் போர்த்துக்கேயர் கரையோரத்தைப் பிடித்தார்கள். கண்டியைப் பிடிக்க முடியவில்லை. 1594-இல் தந்துரையிலும், 1638-இல் கன்னொறுவையிலும் அவர்களுடைய படை அழிந்தது. பின்னர் வந்த ஒல்லாந்தர் 1765-இல் நகருக்குள் நுழைந்தும் நிலைக்க முடியவில்லை. 1803-இல் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற காவற்படையும் அழிந்தது. மழையும் காய்ச்சலும் காடும் கண்டி அரசருக்குத் துணைப்படையாக நின்றன. இப்படி இரு நூற்றாண்டுக்கு மேல் அந்த மலை ஐரோப்பியருக்கு அடங்கவில்லை.

இப்போது ஊருக்குள் போவோம். கொழும்புக் கோட்டை நிலையத்தில் ரயில் ஏறுங்கள். ரம்புக்கனையைத் தாண்டியதும் வண்டி மெல்ல மலை ஏறத் தொடங்கும். வலப்பக்கம் இடம் கிடைத்தால் நல்லது. கடுகண்ணாவை வரை பள்ளத்தாக்கும் வயல்களும் கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும். சுரங்க வழிகள் பல வரும். மலையைக் குடைந்தால்தான் கண்டி பிறர் கைக்குப் போகும் என்று ஒரு பழங்கதை அந்த நாட்டில் வழங்கியதாம். இந்த ரயில் பாதை 1867-இல் கண்டியை எட்டியது. அதைப் போடத் தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலியாட்கள் பாறையை உடைத்தார்கள், மண் சுமந்தார்கள். வண்டியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கு இதையும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

நகருக்கு நடுவே ஓர் ஏரி தெரியும். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 முதல் 1812 வரை கட்டியது. முன்பு அங்கே வயல் இருந்தது. அரசனுக்கு ஊதியமின்றி உழைக்க வேண்டும் என்ற ராஜகாரிய முறைப்படி குடிமக்களை வரவழைத்து இந்த வேலையை வாங்கினான். இன்று நாம் காற்று வாங்கி நடக்கும் கரை, அன்று பல குடும்பங்களின் நடவு வேலையைப் பறித்த கரை. மன்னன் மீது மக்களுக்கும் பிரதானிகளுக்கும் மனக்கசப்பு வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏரிக்கரையில் தலதா மாளிகை. புத்தருடைய புனிதப் பல் இங்கே பேழைக்குள் வைத்துக் காக்கப்படுகிறது. அந்தப் பல் யாரிடம் இருக்கிறதோ அவரே நாட்டை ஆளத் தகுந்தவர் என்பது அந்நாட்டு மரபு. அதனால்தான் அரண்மனையும் ஆலயமும் அடுத்தடுத்து இருக்கின்றன. முகப்பில் எட்டுப்பட்டை வடிவில் நிற்கும் மண்டபம் 'பத்திரிப்புவ'. அரசன் அதன் மேலிருந்து மக்களுக்குக் காட்சி தருவான். காலை, முற்பகல், மாலை என்று மூன்று வேளை பூசை நடக்கும். மேளமும் குழலும் முழங்கும். பேழையைத்தான் காணலாம், பல்லைச் சாதாரண நாட்களில் காட்டுவதில்லை. 1998 ஜனவரி 25-இல் விடுதலைப் புலிகள் வைத்த வெடிகுண்டால் இந்த மாளிகை சேதமடைந்தது, உயிர்களும் போயின. பிறகு பழையபடி செப்பனிட்டார்கள். யுனெஸ்கோ 1988-இலேயே கண்டியை உலகப் பாரம்பரிய நகரமாக ஏற்றிருந்தது.

மாளிகைக்கு அருகே நான்கு தேவாலயங்கள் உண்டு. நாதர், விஷ்ணு, கதிர்காமத் தெய்வம், பத்தினி ஆகிய நால்வருக்கும் அவை உரியவை. கதிர்காமத் தெய்வம் நம் முருகன். பத்தினித் தெய்வம் யார் தெரியுமா? சிலம்பு ஏந்தி மதுரையில் நீதி கேட்ட கண்ணகியேதான். ஆண்டுதோறும் எசல மாதத்தில் நடக்கும் பெரகராவில் இந்த நான்கு தேவாலய ஊர்வலங்களும் புனிதப் பேழை ஏந்திய யானைக்குப் பின்னால் அணிவகுக்கும். வேறு மொழி, வேறு சமயம் என்று எண்ணிப் போகிறவர்கள், நம் வீட்டுத் தெய்வங்களை அங்கே கண்டு வணங்கித் திரும்புவார்கள்.

அரண்மனை வளாகத்தில் மரத் தூண்கள் வரிசையாக நிற்கும் ஓர் அரச மண்டபம் இருக்கிறது. தூண்களின் செதுக்கு வேலையைப் பொறுமையாகப் பாருங்கள். 1815 மார்ச் 2-ஆம் தேதி கண்டி நாட்டை ஆங்கில அரசருக்கு ஒப்புக்கொடுக்கும் உடன்படிக்கை இந்த மண்டபத்தில்தான் படிக்கப்பட்டது. பீரங்கியைவிட உட்பகையே அதற்கு அதிகம் உதவியது. பிரதானிகளில் ஒருவரான எகலப்பொல ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார். கோபங்கொண்ட அரசன் அவருடைய மனைவியையும் சிறு பிள்ளைகளையும் கொல்வித்தான். ஊர் மனம் அன்றே அவனை விட்டுப் போயிற்று.

இந்த அரசன் யார்? 1739-இல் கண்டி அரசன் வாரிசு இல்லாமல் இறந்தபோது, மதுரையிலிருந்து மணமுடித்து வந்த அரசியின் தம்பி அரியணை ஏறினார். அன்று முதல் நான்கு நாயக்க மன்னர்கள் கண்டியை ஆண்டார்கள். தமிழும் தெலுங்கும் புழங்கிய குடும்பம் அது. அவர்களுள் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1753-இல் சயாம் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்துப் பௌத்த சங்கத்துக்குப் புத்துயிர் கொடுத்தார். கடைசி மன்னனின் இயற்பெயர் கண்ணுசாமி. பிடிபட்டபின் 1816-இல் அவரைக் குடும்பத்தோடு கப்பலேற்றி வேலூர்க் கோட்டையில் காவலில் வைத்தார்கள். 1832-இல் அங்கேயே இறந்தார். வேலூரில் பாலாற்றங்கரையில் அவர் சமாதிமேல் முத்துமண்டபம் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு அதை 1990-இல் கட்டியது.

மன்னன் மலையிறங்கித் தமிழ்நாட்டுக்குப் போனான். சில ஆண்டுகளில் தமிழ்நாட்டு ஏழைகள் அந்த மலைக்கு ஏறி வந்தார்கள். அந்தக் கதைதான் நமக்கு மிக நெருங்கியது.

ஆங்கிலேயர் கொழும்பிலிருந்து கண்டிக்குச் சாலை போட்டார்கள். காடு அழித்துக் காப்பி நட்டார்கள். பழம் பறிக்கக் கங்காணிமார் ஆட்களைத் திரட்டி வந்தார்கள். தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காட்டிலே நடந்தே மலைக்கு வர வேண்டும். குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். மாத்தளையில் கோயில் கொண்ட முத்துமாரியம்மனை அந்த வழி வந்த மக்களின் காவல் தெய்வமாகவே கொண்டாடுகிறார்கள். கண்டியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம். அவசியம் போய் வாருங்கள்.

1869 முதல் காப்பி இலையில் ஒரு நோய் கண்டது. சில ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. நல்லவேளையாக 1867-இலேயே ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அது கண்டிக்குத் தென்கிழக்கே இருக்கும் மலை. தேயிலை பரவியது. கண்டி நகருக்கு மேலே ஹந்தானையில் ஒரு பழைய தொழிற்சாலையைத் தேயிலை அருங்காட்சியகமாக 2001-இல் திறந்தார்கள். கொழுந்தை உருட்டும் பழைய இயந்திரங்கள், சலிக்கும் இயந்திரங்கள் எல்லாம் அங்கே உண்டு. ரப்பர் ஆலையில் பால் உறையவைத்துப் பாளம் போட்டுப் பழகிய கைகளுக்கு அவற்றைப் பார்க்க ஆசையாக இருக்கும்.

இயந்திரத்தைப் பார்த்துவிட்டோம், அதன்பின் நின்ற மனிதரை எங்கே பார்ப்பது? கம்பளைக்குப் போங்கள். கண்டிக்குத் தெற்கே அதிக தூரம் இல்லை. அங்கே ஒரு பழைய தோட்டத்து லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். தொழிலாளர் குடும்பங்கள் புழங்கிய பொருள்களையும் கருவிகளையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். லயத்தின் அளவைப் பார்த்ததும், பெரட்டுக்கு மணி அடித்த விடியற்காலை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் வரும்.

இனிப் பேராதனைக்குப் போவோம். கண்டியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், மகாவலி வளைவுக்குள் 1821-இல் அமைத்த தாவரத் தோட்டம் அது. ராஜபனை வரிசையும் கிளை விரித்த பெரிய அத்தி மரமும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நமக்கு வேறொரு சம்பந்தமும் உண்டு. 1876-இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு வந்த ரப்பர் விதைகளில் முளைத்த கன்றுகளை முதலில் இலங்கைக்குத்தான் பெருவாரியாக அனுப்பினார்கள். பேராதனைத் தோட்டத்து அதிகாரிகள் அவற்றைக் கீழ்நாட்டில் ஹெனரத்கொட என்ற இடத்தில் நட்டு வளர்த்தார்கள். அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்தன. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு அதுவே தொடக்கம்.

இரண்டாம் உலகப்போரில் இதே பேராதனைத் தோட்டத்தில்தான் மவுண்ட்பேட்டன் பிரபு 1944-இல் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை அமைத்தார். அந்த நாட்களில் சாங்கியில் ஆயிரக்கணக்கான போர்க்கைதிகள் அடைபட்டுக் கிடந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம்–பர்மா ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாமலே போனார்கள். 1945 செப்டம்பர் 12-இல் அதே மவுண்ட்பேட்டன் சிங்கப்பூருக்கு வந்து ஜப்பானியரின் சரணாகதியை ஏற்றார். சாங்கியில் இன்று ஒரு போர்க்கால அருங்காட்சியகம் இருக்கிறது. கண்டிக்குப் புறப்படும் முன் அதைப் பார்த்துவிட்டுப் போனால், பேராதனையில் நிற்கும்போது சரித்திரம் நன்கு விளங்கும்.

கண்டியில் இன்னொரு கட்டடத்தையும் சொல்ல வேண்டும். அது இந்திய உதவித் தூதரகம். சுற்றுலாக்காரர் யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. ஆனால் மலையகத் தமிழருக்கு அந்த வாசல் மறக்க முடியாதது. 1948-இல் இலங்கை இயற்றிய பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியாவுக்கு, தங்கை இலங்கைக்கு என்று பிரிந்தார்கள். கடவுச்சீட்டுக்காகக் கண்டிக்கு அலைந்தவர்கள், பிறகு அழுதுகொண்டே ரயிலேறித் தலைமன்னாரில் கப்பல் பிடித்தார்கள். மிஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003-இல்தான் சட்டம் வந்தது. மலாயாவில் சிவப்பு அடையாள அட்டையோடு காலந்தள்ளிய பெரியவர்களுக்கு இந்த வேதனையை நாம் விளக்க வேண்டியதில்லை.

சரி, போகிறவர்களுக்குச் சில யோசனைகள். தலதா மாளிகைக்குத் தோளும் முழங்காலும் மறைய உடுத்திச் செல்லுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றுங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். குடையும் மெல்லிய கம்பளிச் சட்டையும் இருக்கட்டும். பெருமழைக் காலங்களில் மண்சரிவால் ரயில் தடைப்படுவது உண்டு, முன்கூட்டியே விசாரியுங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ் பேசினால் கடைவீதியில் உங்களுக்கு வழி காட்ட ஆள் கிடைக்கும். பேரம் பேசலாம், ஆனால் தோட்டத்துப் பெண்கள் கொழுந்து எடுக்கும் இடத்தில் அவர்களைக் கேட்காமல் படம் பிடிக்க வேண்டாம். அவர்கள் நிறைக்குப் பதில் சொல்ல வேண்டிய நேரம் அது. பால் வெட்டின நம் தாய்மாருக்கு அந்த அவசரம் தெரியும்.

நேயர்களே, அரசன் கட்டிய மாளிகைக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது. துரை நட்ட செடிக்கும் ஆண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். வழியில் மாண்ட நம் மக்களுக்குக் கல்வெட்டு இல்லை. வீட்டுப் பெரியவர்களின் ஞாபகத்தில்தான் அவர்கள் இருக்கிறார்கள். ஆகையால் கண்டிக்குப் போக முடிந்தவர்கள் போய் வாருங்கள். போக முடியாதவர்களும் இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு காரியம் செய்யலாம். உங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், யார் யாரோடு புறப்பட்டது, கண்டிச் சீமைக்குப் போன உறவினர் யார் என்று பெரியவர்களைக் கேளுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.