நகரம் தன் முன்னுரிமைகளை வகுக்கும் நாளில் நாம் எங்கே இருக்கின்றோம்?

(கலிபோர்னியா விரிகுடாப் பகுதித் தமிழ்க் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தாயகத் தேர்தல் முடிவுகளைத் தொகுதிவாரியாகச் சொல்லத் தெரிந்த நம்மில் பலருக்கு, நாம் குடியிருக்கும் நகரத்தின் மன்றத்தில் எத்தனை உறுப்பினர்கள் இருக்கின்றனர் என்பது தெரியாது. பூங்கா, நடைபாதை, சாலை விளக்கு, வீடு கட்ட ஒப்புதல் என நம் அன்றாட வாழ்வைத் தொடும் முடிவுகள் பலவும் வாசிங்டனில் எடுக்கப்படுவதில்லை. நம் தெருவிலிருந்து சில கல் தொலைவிலுள்ள நகர மன்றத்தில்தான் எடுக்கப்படுகின்றன. அம்மன்றம் தன் ஓராண்டுப் பணியின் முன்னுரிமைகளை மறுபரிசீலனை செய்யும் நாளைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகின்றேன்.

பாலோ ஆல்டோ நகரத்தை எடுத்துக்கொள்வோம். ஏழு உறுப்பினர்களைக் கொண்ட அந்நகர மன்றம், ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் இதற்கெனவே ஒரு சிறப்புக் கூட்டத்தை நடத்துகின்றது. அவ்வாண்டில் வழக்கத்தை விடத் தனித்த, குறிப்பிடத்தக்க கவனத்தைப் பெறவேண்டிய பொருளே முன்னுரிமை என்பது அவர்களின் வரையறை. மூன்றுக்கு மேல் வேண்டாம், ஒரு பொருள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீடிக்க வேண்டாம் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட பொதுநெறி. எனினும் 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் பொருளாதாரம், காலநிலை, வீட்டுவசதி, சமூக நலமும் பாதுகாப்பும் என நான்கு பொருள்கள் இடம்பெற்றன. ஊழியர்களின் நேரமும் வரிப்பணமும் அளவுக்குட்பட்டவை. ஒன்று பட்டியலில் ஏறினால் மற்றொன்று காத்திருக்க வேண்டும். ஆகவேதான் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கின்றனர்.

சன்னிவேல் நகரத்தில் வேறொரு முறை உண்டு. நகரம் ஆராய வேண்டிய பொருள்களைக் குடியிருப்போரே முன்மொழியலாம். உறுப்பினர் ஒருவரோ ஆலோசனைக் குழுவோ அதனை ஏற்றால், ஆண்டுக் கூட்டத்தில் மன்றம் அவற்றைத் தரவரிசைப்படுத்துகின்றது.

இங்கே நாம் மனத்தில் இருத்த வேண்டியது காலக்கணக்கு. இந்நகரங்களின் நிதியாண்டு சூலை 1 அன்று தொடங்குகின்றது. ஆண்டின் முதல் மாதங்களில் முன்னுரிமை பேசப்படுகின்றது. இளவேனிலில் வரவு செலவுத் திட்டம் உருவாகின்றது. சூன் மாதத்தில் நிறைவேறுகின்றது. சூன் மாதத்தில் போய்க் கோரிக்கை வைப்பவர், பந்தி முடிந்து இலை எடுக்கும் வேளையில் விருந்துக்குச் சென்றவர் ஆவார்.

"எங்களுக்கு வாக்குரிமை இல்லையே, எங்கள் பேச்சை யார் கேட்பார்?" என்று சிலர் வினவக்கூடும். பணி விசாவிலும் பச்சை அட்டையிலும் வாழும் நம்மவர் பலருக்கு இது நியாயமான ஐயமே. ஆயினும் கலிபோர்னியாவில் 1953 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பிரவுன் சட்டம், மன்றத்தின் வழக்கமான கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்திற்கு முன்பே வெளியிட வேண்டும் என்கின்றது. பொதுமக்கள் பேச இடமளிக்க வேண்டும் என்கின்றது. கூட்டத்திற்கு வருவோரைப் பெயர் பதிவுசெய்யுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்கின்றது. பேசுவதற்குக் குடியுரிமை ஒரு தகுதியன்று. வரி செலுத்தும் நாம், வழங்கப்பட்ட உரிமையைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டு, "நம்மைக் கேட்கவில்லை" என்று வருந்துவது முறையாகுமா?

ஊர் மன்றம் நமக்குப் புதியதன்று. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டு, 30 குடும்புகளிலிருந்து குடவோலை வழியே உறுப்பினரைத் தேர்ந்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என அமைத்த முறையைக் கூறுகின்றது. அண்மைய மூன்று ஆண்டுகளில் பணியாற்றியவர் மீண்டும் வர இயலாது. நிலமற்றோர்க்கும் பெண்களுக்கும் அம்மன்றத்தில் இடமில்லை என்பதையும் நாம் மறைக்கத் தேவையில்லை. அன்று அடைபட்டிருந்த கதவு இன்று நமக்குத் திறந்திருக்கின்றது.

ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். பள்ளியில் தமிழுக்கு மதிப்பெண் வேண்டுமெனில் நகர மன்றத்தால் தர இயலாது. அது தனியே தேர்ந்தெடுக்கப்படும் பள்ளி மாவட்ட வாரியத்தின் அதிகாரம். நூலகத்தில் தமிழ் நூல்கள் வேண்டுமெனில், சன்னிவேலிலும் பாலோ ஆல்டோவிலும் நூலகம் நகரத்தினுடையது. கூப்பர்டினோவிலும் பிரீமாண்டிலும் அது கவுண்டி நூலக அமைப்பைச் சேர்ந்தது.

நம் இல்லங்களில் உள்ள முதியோரை எண்ணிப் பாருங்கள். ஊரில் தாமாகவே சந்தைக்கும் கோயிலுக்கும் சென்று வந்தவர்கள், இங்கே மகனோ மருமகளோ பணி முடிந்து வரும்வரை சாளரத்தின் அருகே காத்திருக்கின்றனர். இது ஒரு குடும்பத்தின் குறையன்று; போக்குவரத்துக் குறை. மவுண்டன் வியூ நகரில் 2015 சனவரியில் கூகுள் நிறுவன நிதியுதவியோடு கட்டணமில்லாச் சிற்றுந்துச் சேவை தொடங்கப்பட்டது. பாலோ ஆல்டோ 2023 மார்ச்சில், அழைத்தால் வரும் சிற்றுந்துச் சேவையைத் தொடங்கியது. நகரங்கள் மனம் வைத்தால் இயலும் என்பதற்கு இவை சான்று. இத்தகைய வண்டி நம் பாட்டிக்கு மட்டுமன்று, அடுத்த வீட்டுச் சீன முதியவருக்கும் மெக்சிகோ நாட்டுத் தாய்க்கும் பயன்படும். பலருக்கும் பொதுவான கோரிக்கையே மன்றத்தில் வலுப்பெறும்.

இளையோரே, ஆங்கிலத்தில் தயக்கமின்றிப் பேசும் ஆற்றல் உங்களுக்கு உண்டு. சான் ஓசேயில் இளையோர் ஆணையமும் கூப்பர்டினோவில் பதின்ம வயதினர் ஆணையமும் இயங்குகின்றன; அவற்றிற்கு விண்ணப்பியுங்கள். தாத்தா பாட்டி சொல்வதைக் கேட்டெழுதி, மன்றத்தில் அவர்களின் குரலாக ஒலியுங்கள். பேசக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடங்களே. ஆதலால் ஒரே கோரிக்கையை, ஒரு தெருவின் பெயரோடு, ஓர் எடுத்துக்காட்டோடு சொல்லுங்கள்.

பெற்றோர்களே, உங்களிடம் நான் வேண்டுவது மூன்று. உங்கள் நகரின் முன்னுரிமைக் கூட்டம் எந்நாள் என்று இவ்வாரமே அறிந்துகொள்ளுங்கள். ஐந்து குடும்பங்கள் கூடி ஒரு கோரிக்கையை எழுதியனுப்புங்கள். அந்நாளில் ஒருவரேனும் நேரில் சென்று பேசுங்கள். முதலாண்டிலேயே கிட்டாமற் போகலாம்; மறு ஆண்டும் பட்டியல் திறக்கப்படும், அப்போதும் செல்வோம்.

வாழும் ஊரைப் பேணுவதும் தமிழர் பண்பே.