ஆங்கிலமே இறுதியென்றால் தமிழ் எதற்கு?

(பெரம்பலூரில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையும் மதிப்பெண்ணும் என்பது எனக்குத் தரப்பெற்ற தலைப்பு. இலக்கணம் நடத்துகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணலாம். நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன், 2018-ஆம் ஆண்டு மே திங்களில் என் மாணவி ஒருத்தி வீட்டுக்கு வரும்வரை.

நீட் தேர்வு எழுதி இரண்டு நாள் ஆகியிருந்தது. கையில் வினாத்தாளோடு திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். "ஐயா, சீத்தா என்றால் சீத்தாப் பழமா?" என்று கேட்டாள். அந்த வினாவை மூன்று முறை படித்தேன். முப்பதாண்டு தமிழ் கற்பித்த எனக்கு அது விளங்கவில்லை. பிறகு பக்கத்திலிருந்த ஆங்கில வரியைப் பார்த்தேன். விலங்கின் பெயர்! சிறுத்தை என்றோ, இன்னும் நுட்பமாகச் சிவிங்கி என்றோ எழுதியிருக்க வேண்டியதை, ஆங்கில ஒலியைக்கூட ஒழுங்காகக் கேளாமல் 'சீத்தா' என்று அச்சிட்டிருந்தார்கள். இன்னோரிடத்தில் அரிசி வகையைக் குறிக்கும் 'ரகம்' என்ற சொல் 'நகம்' ஆகியிருந்தது. வகை என்ற நல்ல தமிழ்ச்சொல்லை எழுதியிருந்தால் அந்தப் பிழைக்கே இடம் நேர்ந்திராது! சிரிக்கிறீர்கள். அவள் சிரிக்கவில்லை. ஒரு வினாவுக்கு நான்கு மதிப்பெண். தவறாக எழுதினால் இருப்பதிலும் ஒன்று போகும்.

தமிழ் படிக்கும் பிள்ளை தமிழை அறிந்துகொள்ள ஆங்கிலத்தைப் பார்க்க வேண்டும் என்ற நிலை அன்றுதான் எனக்கு உறைத்தது.

அந்த ஆண்டுத் தமிழ்த்தாளில் 180 வினாக்களுள் 49 பிழையுடையன என்று வழக்குத் தொடரப்பட்டது. நான்கில் ஒரு பங்கினும் மிகுதி. தமிழில் எழுதியோர் ஏறத்தாழ 24,000 பேர். உயர் முறைமன்றத்தின் மதுரைக் கிளை 2018 சூலையில் அவர்கள் அனைவருக்கும் 196 மதிப்பெண் கூட்டித் தரச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச முறைமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. அனைவருக்கும் ஒரே அளவாகக் கூட்டுவதில் குறையுண்டு என்பதை நானும் மறுக்கவில்லை. 49 வினாக்களுக்கும் சரியாக விடையெழுதியவனுக்கும் அதே 196 என்றால் கணக்கு உதைக்கும். ஆனால் பிழை செய்தவர் யார்? அதன் இழப்பு யார் தலையில் விழுந்தது? தேர்வு நடத்திய நடுவண் வாரியத்திற்கு ஒரு மதிப்பெண்ணும் குறையவில்லை!

அவர்கள் காட்டிய அரண் என்ன தெரியுமா? தேர்வு விதியில் ஒரு வரி. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது அது. அந்த வரியை நன்றாக எண்ணிப் பாருங்கள். தமிழில் எழுதலாம் என்று வாயிலில் வரவேற்பு. உள்ளே போனபின், உன் தமிழ் செல்லாது என்கிறார்கள். ஆங்கிலம் நன்கறிந்த மாணவன் தமிழ்த்தாளை ஏன் கேட்கப் போகிறான்? எவனுக்கு ஆங்கிலம் துணைசெய்யாதோ, அவனிடமே ஆங்கிலத்தைப் பார்த்துத் தெளிந்துகொள் என்பது என்ன முறை?

அதற்கு முந்தைய ஆண்டு நிலை இதனினும் விந்தை. 2017-இல் ஆங்கிலத்தாளும் தமிழ்த்தாளும் வெவ்வேறு வினாக்களோடு வந்தன. ஒரே தரவரிசைக்கு வேறு வேறு வினாக்கள்! இரண்டும் ஒரே கடுமையுடையன என்றார்கள். எந்தத் துலாக்கோலில் நிறுத்தார்களோ?

அந்த 2017-ஐ (திருவள்ளுவர் ஆண்டு 2048) நம் பகுதி மறக்க முடியாது. அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்துக் குழுமூர், இங்கிருந்து நெடுந்தொலைவில் இல்லை. மூட்டை சுமக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, மேனிலைத் தேர்வில் 1200-க்கு 1176 பெற்றாள். மருத்துவச் சேர்க்கைக்குரிய கணக்கில் 200-க்கு 196.75. பழைய முறை நீடித்திருந்தால் அவளுக்கு இடம் உறுதி. நீட்டில் 720-க்கு 86. உச்ச முறைமன்றம் வரை சென்று வழக்கில் தன்னையும் இணைத்துக்கொண்டாள். ஆகத்து 22-இல் நீட் மதிப்பெண்ணே அளவுகோல் என்ற ஆணை வந்தது. செப்டம்பர் முதல் நாள் அவள் இல்லை. இங்கிருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: ஒரு தேர்வுக்காக உயிர் விடுவதை எந்த ஆசிரியனும் ஏற்கமாட்டான். மனம் நொறுங்கினால் என் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள், நள்ளிரவானாலும் வாருங்கள்.

1176 பெற்றவளுக்கு 86 எப்படி வந்தது என்று கேட்டு, நம் பள்ளித் தேர்வையே எள்ளி நகையாடினார்கள். பன்னிரண்டாண்டு ஒரு பாடத்திட்டத்தில் படிக்கவைத்துவிட்டு, மூன்று மணி நேரம் வேறொரு பாடத்திட்டத்தைச் சார்ந்து வினவினால் எப்படி வரும்? நெல் விளைந்த வயலில் கரும்பு எங்கே என்று கேட்பது போலாகும்.

ஆயினும் நம் வீட்டுக் குப்பையையும் நாமே கிளற வேண்டும். மதிப்பெண் முறை மாசற்றதா? விடைத்தாள் திருத்தும் நடுவங்களில் பல்லாண்டு உட்கார்ந்தவன் நான். நூலின் வரியைப் புள்ளி பிசகாமல் ஒப்புவித்த தாள்களுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். பொருளுணர்ந்து தன் சொல்லில் எழுதியவனுக்கு அரை மதிப்பெண் குறைத்துமிருக்கிறேன். விதி அப்படி. பெருங்கட்டணம் வாங்கும் உண்டுறைப் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்பையே ஈராண்டு உருப்போட வைத்ததை நாடறியும். அந்த நாளிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுள் மருத்துவம் புகுந்தோர் மிகச் சிலரே. அதற்கும் முன்னே நேர்காணலுக்கென 75 மதிப்பெண் ஒதுக்கிய காலமும் இருந்தது. அம்முறையின் குறைகளை 1970-இல் உச்ச முறைமன்றமே எடுத்துக்காட்டியது. பின் 1984-இல் மாநில நுழைவுத் தேர்வு வந்தது. 2006-இல் இயற்றிய சட்டத்தால் போயிற்று. எந்த முறை வந்தாலும் காசுள்ளவன் அதற்கொரு பயிற்சிக்கூடம் கட்டிக்கொள்கிறான்.

ஆனால் எந்த முறை எவனை எவ்வளவு தள்ளியது என்பதை எண்ணிக்கை சொல்லும். ஓய்வுபெற்ற நடுவர் ஏ.கே. இராசன் அவர்கள் தலைமையிலான குழு 2021-இல் அறிக்கை தந்தது. மருத்துவத்தில் சேர்ந்தோருள் மறுமுறை தேர்வெழுதி வந்தோர் 2016-17-இல் 12.47 விழுக்காடு, 2020-21-இல் 71.42 விழுக்காடு. அதாவது பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஓராண்டு, ஈராண்டு வீட்டிலிருத்திப் பயிற்சிக்குப் பணம் கட்ட வல்ல குடும்பத்துக்கே இடம். கூலிக்காரன் மகளை யார் அப்படி இருத்துவார்கள்? தமிழ்வழியில் படித்துச் சேர்ந்தோர் நீட்டுக்கு முன் நூற்றுக்குப் பதினைந்தளவில் இருந்தனர். பின் நான்குக்கும் கீழே போயினர்.

தேர்வு மொழியை வைத்து மாணவனைத் தரம்பிரிப்பது எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்குக் கடலுக்கு அப்பால் சான்றுண்டு. இலங்கையில் 1971-இல் தரப்படுத்தல் என்ற பெயரால், மருத்துவத்துக்குத் தமிழ் மாணவர் 400-க்கு 250 பெற வேண்டும், சிங்கள மாணவருக்கு 229 போதும் என்று வகுத்தார்கள். அந்த ஒரு முடிவு ஈழத்து இளைஞர் உள்ளத்தில் மூட்டிய தீயை உலகம் கண்டது. இங்கே அவ்வாறு வெளிப்படையான இரு கணக்கு இல்லை. விதிநூலின் ஒரு வரியே போதுமானதாயிருக்கிறது.

2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. அதனால் ஆண்டுதோறும் சில நூறு பிள்ளைகள் மருத்துவம் படிக்கிறார்கள், நன்றியோடு வரவேற்கிறேன். நீட் விலக்குக்கான சட்டவரைவைப் பேரவை 2021-இலும் 2022-இலும் நிறைவேற்றியது; நடுவணரசு அதை மறுத்துவிட்டதை 2025-இல் முதலமைச்சர் பேரவையில் அறிவித்தார். அந்தப் போராட்டம் ஒருபுறம் நடக்கட்டும். நாம் கேட்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. தேர்வு இருக்கும்வரை, தமிழ்த்தாளும் மூலத்தாளாக இருக்க வேண்டும். பாடமும் தமிழும் ஒருங்கறிந்த ஆசிரியர் குழு அதனை ஆக்க வேண்டும். இரு வடிவமும் மாறுபட்டால், தமிழில் எழுதியவனுக்குத் தமிழ் வடிவமே இறுதி என்று விதியைத் திருத்த வேண்டும். ஆங்கிலமே இறுதி என்ற வரி இருக்கும்வரை, எந்தத் தாய் தன் பிள்ளையைத் தமிழ்வழியில் சேர்ப்பாள்? 'ஐயா, நீங்களே சொல்லுங்கள்' என்று என்னிடம் கேட்ட பெற்றோருக்கு நான் விடை சொல்ல முடியாமல் நின்றிருக்கிறேன்.

அந்த மாணவிக்கு அவ்வாண்டு இடம் கிடைக்கவில்லை. செவிலியர் படிப்பு முடித்து இன்று பணியில் இருக்கிறாள். அந்த வினாத்தாளை என்னிடமே விட்டுப்போனாள். ஓரத்தில் அவள் பென்சிலால் போட்ட வினாக்குறிகள் இன்னும் அழியவில்லை.

வரும் ஞாயிறு காலை இதே இடத்தில் கூடுகிறோம். 2017 தொடங்கி வெளிவந்த தமிழ் வினாத்தாள்களை வைத்திருப்போர் எடுத்து வாருங்கள். இயற்பியல், வேதியல், உயிரியல் கற்பிப்போரை ஒருவரேனும் உடன் அழைத்து வாருங்கள். வினாவாரியாகப் பிழையைக் குறித்து, சரியான தமிழ் வடிவத்தையும் அருகில் எழுதி, தேர்வு முகமைக்கும் நம் மாநில அரசுக்கும் விடுப்போம். தாளும் தூவலும் நான் கொண்டுவருகிறேன்.