பழைய இரும்பும் பாட்டாளி உயிரும்

(காவேரிப்பட்டினத்தில் ஆற்றிய உரை)



பெயரிலே காவேரி, ஊரோரம் ஓடுவதோ தென்பெண்ணை. இங்கு வந்து மாம்பழத்தைப் பற்றிப் பேசாமல் கதிர்வீச்சைப் பற்றிப் பேசுகிறானே, கல்பாக்கம் எங்கே, காவேரிப்பட்டினம் எங்கே என்று நீங்கள் எண்ணக்கூடும். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், டில்லி மாயாபுரியில் 2010-ல் நடந்ததைப் படிக்கும் வரையில்.

மாயாபுரியிலே அணு உலை இல்லை. பழைய இரும்புக் கடைகள் உண்டு. டில்லிப் பல்கலைக் கழக வேதியியல் துறையில் பல்லாண்டுகளாகப் பயனற்றுக் கிடந்த கருவியொன்று அவ்வாண்டு பிப்ரவரியில் ஏலம் போயிற்று. அதன் வயிற்றிலே கோபால்ட்-60! விற்றவர் எண்ணிப் பார்க்கவில்லை, வாங்கியவருக்கோ தெரியாது. உடைத்தவரின் உடல் கருத்தது, முடி உதிர்ந்தது. ஏப்ரல் இறுதியில் ஒருவர் மாண்டார். படித்தவர் செய்த பிழை, பாட்டாளியின் உயிரைக் குடித்தது!

ஓசூரிலே வார்ப்பட ஆலைகள் இல்லையா? இந்நெடுஞ்சாலையிலே பழைய இரும்பு லாரிகள் ஓடவில்லையா? அப்படியொரு துண்டைத் தொட்டவர் வாந்தியோடு வந்து நின்றால் மருத்துவமனை என்ன செய்யும்? இதுதான் என் கேள்வி.

பிரேசில் நாட்டுக் கொய்யானியா நகரில் 1987-ல், கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடத்திலிருந்த சீசியம்-137 பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. நீல ஒளி வீசிய தூளை, அழகென்று உறவினர் பங்கிட்டுக் கொண்டனர். முதலில் பார்த்த மருத்துவர்கள் வேறு நோயென்றே எண்ணினர். உண்மை தெரிந்தபின் விளையாட்டரங்கில் ஒரு லட்சத்துப் பன்னீராயிரம் பேரைச் சோதித்தனர், 249 பேரிடம் மாசு இருந்தது, நால்வர் மாண்டனர். அவர்களில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி. அவளைப் புதைக்கச் சென்றபோது, மக்கள் அஞ்சிக் கல்லெறிந்தனர். அந்தக் கல்லுக்கு நான் அறியாமை என்று பெயரிடுவேன். நம் ஊரிலும் அது கிடைக்கும்.

கதிர் பட்டவர் வேறு. கதிர்த்தூசு படிந்தவர் வேறு. வெளியிலிருந்து கதிர் மட்டும் பட்டவரைத் தொட்டால் நமக்கொன்றும் ஒட்டாது. தூசு படிந்தவரின் உடையைக் களைந்து, பையிலிட்டுக் கட்டினாலே பெரும்பகுதி மாசு போய்விடும். பிறகு சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும். ஆனால், குருதி கொட்டுகிறவரை முதலில் குளிப்பாட்டாதீர்! உயிரைக் காப்பது முன்னே, கழுவுவது பின்னே. வாந்தி எத்தனை மணி நேரத்தில் வந்தது என்று குறித்து வைக்க வேண்டும். இரத்தத்தின் வெள்ளணுக்களைத் திரும்பத் திரும்ப எண்ண வேண்டும். பட்ட அளவை அவை சொல்லும்.

அயோடின் மாத்திரைக்கு ஓடுவோரும் உண்டு. கதிரியக்க அயோடினிடமிருந்து தைராய்டைக் காப்பது அது. கோபால்ட்டிடம் அதன் வித்தை பலிக்காது. சீசியத்துக்குப் பிரஷ்யன் நீலம் என்ற மருந்து உண்டு. கொய்யானியாவில் கொடுத்தார்கள்.

கிருஷ்ணகிரிக்கு 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, மகிழ்ச்சி. கோரிக்கை மனுவோடு அங்கே செல்லும் தோழர்களே, கட்டில் எத்தனை என்று கேட்பதோடு நில்லாதீர்கள். கதிர்வீச்சை அளக்கும் மானி அவசரப் பிரிவில் உண்டா? இரவு நேரச் செவிலியருக்கு அதைப் பிடிக்கத் தெரியுமா? கழுவிய நீர் எங்கே போகும்? ஒத்திகை கடைசியாக என்று நடந்தது? இந்நான்கையும் கேட்டு, விடையை எழுத்தில் பெற்று, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.