எரிமலையும் நம் மேற்கு மலையும்
(தளவாய்புரம் உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"மேற்கே நிற்கும் நம் மலையும் ஒரு காலத்தில் எரிமலைதானா? நம் கரிசலும் அதன் சாம்பல்தானா?" என்று இங்கே ஒரு பெரியவர் கேட்டார். இல்லை என்பதே விடை.

இந்தியாவில் இன்றும் சீறுகின்ற எரிமலை அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு ஒன்றே. பாறைக் குழம்பும் சாம்பலும் அடுக்கடுக்காகப் படிந்து அம்மலை உயர்ந்தது. அடியிலிருந்த குழம்பு வெளியேறியதும், தாங்கல் இழந்த உச்சி, அடிமண் சரிந்த கிணற்றுக் கட்டைப்போல் உள்ளே இறங்கிவிட்டது. இன்று அங்கே சுமார் 2 கி.மீ. அகலப் பள்ளமும், அதன் நடுவே புதிதாக வளர்ந்த கூம்பும் உள்ளன. 1787-இல் அது சீறியதாகக் குறிப்பு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அடங்கிய அது, 1991-இல் மீண்டும் விழித்தது.

எரிமலைச் சாம்பல் நாள்பட உதிர்ந்தால் வளமான மண்ணாகும். ஜாவா தீவின் நெல் வயல்களே இதற்குச் சான்று. மலை சீறும்போதெல்லாம் அங்கே புது மண் சேருகிறது.

நம் மலை அப்படியன்று. பூமியின் ஆழத்தில், வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகிய பழம்பாறை அது. வயது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல். இத்தகைய பாறைகள் வெயிலிலும் மழையிலும் மெல்லச் சிதைந்தே நம் செவலும் கரிசலும் உண்டாயின. அடித்துச்சென்ற மண்ணை ஈடுசெய்ய இங்கே எரிமலை இல்லை.

ஆகவே சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். மழைக்கு முன்பே வரப்புகளைப் பலப்படுத்துங்கள். கோடையில் உரிய அனுமதி பெற்று, கண்மாய் வண்டலை அள்ளி வயலில் பரப்புங்கள். அது உங்கள் மண்தான், வீடு திரும்பட்டும்.