தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரா?

ஒரு டம்ளர் தண்ணீர். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது. நாற்றம் இல்லை. சுவையும் கெடவில்லை. இது நல்ல தண்ணீர்தானா? பார்த்து மட்டும் சொல்ல முடியாது. இதை நல்கொண்டா மக்கள் பட்டு அறிந்தார்கள்.

நல்கொண்டா தெலங்கானாவில் உள்ள ஊர். அங்கே பூமிக்கு அடியில் கருங்கல் பாறை. அந்தப் பாறையில் புளோரைடு என்ற உப்பு உண்டு. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கிணற்று நீரிலும் ஆழ்குழாய் நீரிலும் கலக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. நாக்குக்கும் தெரியாது.

இந்த நீரைக் குடித்து வளரும் குழந்தைகளின் பற்களில் மஞ்சள் கறை வரும். பிறகு பழுப்புக் கோடுகள் விழும். தேய்த்தாலும் போகாது. பல ஆண்டுகள் குடித்தால் எலும்பைத் தாக்கும். கழுத்தைத் திருப்ப முடியாது. முதுகு வளையும். கை கால்களை மடக்க முடியாது. இந்த நோய்க்குப் புளோரோசிஸ் என்று பெயர். வளைந்த எலும்பை நிமிர்த்த மருந்து இல்லை. வராமல் தடுப்பதே வழி.

“காய்ச்சிக் குடித்தால் போதாதா?” என்று கேட்பீர்கள். காய்ச்சினால் கிருமிகள் சாகும். புளோரைடு போகாது. அடுப்பில் கொதிக்கும் குழம்பை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு கரிக்கும் அல்லவா? புளோரைடும் அப்படித்தான். நீர் குறையும், அது குறையாது.

இதற்கு வழி தேடியது நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம். 1970-களில் அது ஒரு முறையைக் கண்டது. நீரில் சுண்ணாம்பும் படிகாரமும் அளவாகச் சேர்த்துக் கலக்க வேண்டும். கசடு அடியில் படியும். புளோரைடின் பெரும்பகுதி கசடோடு போய்விடும். தெளிந்த நீரை வடித்து எடுக்கலாம். இதற்கு ‘நல்கொண்டா முறை’ என்றே பெயர். ஆனால் நீரைச் சோதித்த பிறகே அளவைச் சொல்ல முடியும். கைக்கு வந்தபடி போடக்கூடாது.

பிறகு ஆற்று நீர் வந்தது. 2016-இல் தெலங்கானா அரசு பகீரதா திட்டத்தைத் தொடங்கியது. கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளின் நீரைச் சுத்தம் செய்து குழாய் வழியே வீடுகளுக்குக் கொண்டு சென்றது. ஆற்று நீரில் பொதுவாகப் புளோரைடு குறைவு.

குழாய் வந்துவிட்டால் கவலை தீர்ந்ததா? இல்லை. சாக்கடை ஓரத்தில் குழாய் உடைந்திருந்தால், தண்ணீர் நிற்கும் நேரத்தில் சாக்கடை உள்ளே புகும். அதனால் வாந்திபேதி, காமாலை, டைபாய்டு வரும். இங்கே காய்ச்சுவது உதவும். நீர் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும். பிறகு மூடி வையுங்கள். கைவிட்டு மொள்ளாதீர்கள். நீண்ட பிடியுள்ள கரண்டியால் எடுங்கள்.

ஆகவே கேடு இரண்டு வகை. கிருமிக்குக் காய்ச்சுவது மருந்து. புளோரைடுக்குச் சோதனையே முதல் படி.

உங்கள் ஊர்க் குடிநீரைச் சோதித்தார்களா? நகராட்சியிலோ ஊராட்சியிலோ கேளுங்கள். சோதனைச் சீட்டை வாங்குங்கள். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். புளோரைடு என்ற சொல்லைத் தேடுங்கள். எதிரே உள்ள எண்ணைப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு நீரே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் அந்த நீரில் துணி துவைக்கலாம். குடிக்கவும் சமைக்கவும் கூடாது. வேறு நீர் தரும்படி எல்லோரும் சேர்ந்து மனு எழுதுங்கள். எழுதவும் உங்களுக்குத் தெரியும்.