தாய்மைக் காலப் பரிசோதனையும் நமது கடமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசாமல் பேறுகாலத்தைப் பற்றிப் பேச வந்திருக்கின்றாரே இந்தத் தலைமையாசிரியர் என்று உங்களில் சிலர் வியக்கக்கூடும். நான் மருத்துவம் கற்றவன் அல்லன். ஆயினும் எழுத்தறிவுக்கும் ஒரு தாயின் உயிருக்கும் உள்ள தொடர்பை என் வீட்டிலேயே கண்டவன். அந்த உரிமையால் இத்தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

1982-ஆம் ஆண்டு நான் எட்டாம் வகுப்பு மாணவன். என் தமக்கையாருக்கு அப்போது பத்தொன்பது வயது, தலைப்பிள்ளையைச் சுமந்திருந்தார். எட்டாம் மாதத்தில் கால்கள் வீங்கின. ‘நீர் இறங்கியிருக்கிறது, பிள்ளை பிறந்தால் வடிந்துவிடும்’ என்றார்கள். தலை வலிக்கிறது என்றார், தைலம் தேய்த்தார்கள். கண் மங்குகிறது என்றார்; பித்தம் என்றார்கள். ஓரிரவு வலிப்புக் கண்டது. ‘காத்துக் கருப்பு’ என்று சொல்லி வேப்பிலை ஒடிக்க ஓடினார்கள். விடியற்காலையில் மருத்துவமனையின் வாயிலை அடைந்தபோது தாயும் இல்லை, சேயும் இல்லை.

அவருடைய துணிப்பைக்குள் ஒரு மருத்துவமனைச் சீட்டு இருந்தது. ஐந்தாம் மாதத்தில் ஒருமுறை அங்கே சென்றிருக்கின்றார். அரை நாள் வரிசையில் நின்று, கடுஞ்சொல் கேட்டு, ஒரு நாள் கூலியையும் இழந்து திரும்பியவர் மறுபடி அந்தப் படியை மிதிக்கவில்லை. அடுத்து வரவேண்டிய தேதி அச்சீட்டில் எழுதப்பட்டிருந்தது. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. சீட்டை யாரும் என்னிடம் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தேதி என் நெஞ்சில் நிற்கின்றது.

என் தமக்கையாரைக் கொண்டுபோனது காற்றும் அன்று, கருப்பும் அன்று. பேறுகால வலிப்பு என்னும் நோய் அது. வலிப்பு வருமுன்னரே அந்நோய் பெரும்பாலும் தன் வரவை அறிவித்துவிடுகின்றது. இரத்த அழுத்தம் 140/90 என்னும் அளவை எட்டும், அல்லது அதனைத் தாண்டும். சிறுநீரில் புரதம் காணும். தொடக்கத்தில் இவ்விரண்டும் வலிப்பதில்லை. கையில் பட்டை சுற்றி இரண்டு நிமிடத்தில் அழுத்தம் பார்த்தாலன்றி, ஒரு சொட்டுச் சிறுநீரைச் சோதித்தாலன்றி இவை புலப்படமாட்டா.

இந்நோய்க்கு விலை மலிந்த மருந்தொன்று உண்டு. மக்னீசியம் சல்பேட் என்னும் உப்பே அது. 33 நாடுகளில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரிடம் நடத்தப்பெற்ற ஓர் ஆய்வின் முடிவு 2002-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அழுத்த நோயுற்ற கருவுற்ற பெண்களுக்கு இம்மருந்தை அளித்தால் வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைகின்றது என்பதை அவ்வாய்வு ஐயமற நிறுவியது. மருந்து இருக்கின்றது. ஆனால் அழுத்தம் உயர்ந்திருப்பது தெரிந்தாலன்றோ மருந்தைத் தர இயலும்?

எனவே இளைஞர்களே, ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். ‘எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்குப் பரிசோதனை?’ என்று நம் பெண்கள் கேட்கின்றனர். நன்றாக இருப்பவளுக்காகவே பரிசோதனை. நோய் முற்றியவளுக்குத் தேவைப்படுவது சிகிச்சை.

இரத்த அழுத்தத்தைப் போலவே ஓசையின்றி வருவது கர்ப்பகாலச் சர்க்கரை நோய். இதனைக் கண்டறிவதில் நம் சென்னை மாநகரமே நாட்டுக்கு வழிகாட்டியது என்பதைப் பெருமையுடன் கூற விழைகின்றேன். முன்னாளில் இச்சோதனைக்குக் கருவுற்றவள் வெறும் வயிற்றோடு வரவேண்டும். பலமுறை இரத்தம் தரவேண்டும். சிலவேளை மற்றொரு நாளும் வரவேண்டும். விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் கூலிப் பெண்ணால் இது இயலுமா? பேராசிரியர் வீ. சேஷையா அவர்களும் அவர்தம் குழுவினரும் இச்சிக்கலுக்கு விடை தேடினர். கருவுற்றவள் உண்டு வந்தாலும் உண்ணாது வந்தாலும் 75 கிராம் குளுக்கோசை நீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரேயொரு முறை இரத்தம் எடுத்துப் பார்ப்பது அவர்கள் வகுத்த முறை. அளவு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய் என்று கொள்வர். வெறும் வயிற்றுச் சோதனையே நுட்பமானது என்று வாதிடும் அறிஞர்களும் உளர். எனினும் ஏழைப் பெண் மறுமுறை வராமற்போவதைவிட, வந்த அன்றே சோதித்து அனுப்புவது மேல் என்னும் நோக்கில் இந்திய அரசும் இம்முறையைத் தன் வழிகாட்டுதலில் ஏற்றுக்கொண்டது. பேராசிரியரின் பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்பகாலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது.

அக்குழுவினர் தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்கள் ஏறத்தாழ 12,000 பேரைச் சோதித்து, 2008-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். இந்நோய் நகரத்தில் நூற்றுக்கு 17.8 பேருக்கும், நகரமும் கிராமமும் கலந்த பகுதியில் 13.8 பேருக்கும், கிராமத்தில் 9.9 பேருக்கும் இருந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் இடையே வாழும் திருமுல்லைவாயில் மக்களாகிய நாம் இந்தக் கணக்குக்குப் புறத்தே நிற்பவர் அல்லர். ‘சர்க்கரை பணக்காரர் நோய்’ என்னும் பழைய பேச்சை இனி விட்டுவிடுங்கள். கண்டறிந்தால் பெரும்பாலோர்க்கு உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியுமே போதும்; சிலருக்கு மருந்தோ இன்சுலினோ தேவைப்படும். கண்டறியாவிட்டால் குழந்தை அளவு மீறிப் பருத்துப் பேறு கடினமாகலாம். அத்தாய்க்குப் பிற்காலத்தில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பும் மற்றவரைக் காட்டிலும் பல மடங்கு மிகுதி.

மூன்றாவது பகை இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 48 பேர் இரத்தசோகை உடையோர். ஈமோகுளோபின் 11-க்குக் குறைந்தால் சோகை. 7-க்குக் குறைந்தால் கடுஞ்சோகை. பிள்ளைப்பேற்றில் உதிரம் சற்று மிகுதியாகப் போனாலும் அத்தகைய உடல் தாங்காது. அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரை நம் வீடுகளில் அலமாரியில் உறங்குகின்றது. அதனைத் தேநீரோடு விழுங்காமல், எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவற்றோடு சேர்த்து உண்டால் உடலில் நன்கு சேரும்.

இவ்வளவும் கூறியதால் நாடு முன்னேறவே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தமிழ்நாட்டில் உயிர் நீத்த தாய்மார் 2001-03 கணக்கெடுப்பில் 134 பேர். 2018-20 கணக்கெடுப்பில் 54 பேர். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியரை அமர்த்தியதும், ஒவ்வொரு தாயின் மரணத்தையும் ‘விதி’ என்று விட்டுவிடாமல் ஏன் நிகழ்ந்தது என்று விசாரித்ததும் இதற்குத் துணைநின்றன. 1987-இல் 300 ரூபாயாகத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி பின்னாளில் 18,000 ரூபாய் மதிப்புக்கு உயர்ந்தது. 2008 முதல் 108 ஊர்தி ஓடுகின்றது. 1982-இல் என் தமக்கையாருக்கு இல்லாதவை இவை.

தாய்க்கு ஓய்வும் உதவியும் வேண்டுமென்பது யாரோ நமக்கு இட்ட பிச்சையன்று. 1928-ஆம் ஆண்டிலேயே பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களுக்கான மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வளிப்பது நாட்டின் நலனுக்கே உரியது என்பது அவர் வாதம். மறு ஆண்டே அது சட்டமாயிற்று. ஆகவே மருத்துவமனைக்குச் செல்லும் நம் பெண் தலைகுனிந்து செல்ல வேண்டியதில்லை. கடுஞ்சொல் கேட்டால் திரும்பி வந்துவிடாமல், தன் அழுத்தம் எவ்வளவு, இரத்தம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று பணிவோடும் உறுதியோடும் கேட்டு அறிவது அவளுடைய உரிமை.

இனி நம் கடமைகளைக் கூறி அமைகின்றேன். முதலாவது, கருவுற்ற பன்னிரண்டு வாரத்திற்குள் செவிலியரிடம் பெயரைப் பதிவு செய்தல். இரண்டாவது, கணவனோ மாமியாரோ உடன் செல்லுதல். ஒரு நாள் கூலி பெரிதுதான், உயிர் அதனினும் பெரிது. மூன்றாவது, முகமும் கையும் வீங்கினாலும், தலைவலி நீங்காவிட்டாலும், கண் மங்கினாலும், உதிரம் பட்டாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே 108-ஐ அழைத்தல். நான்காவது, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேளாதிருத்தல். அதனை அறிவிப்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஸ்கேன் தாயையும் சேயையும் காப்பதற்கே. ஐந்தாவது, பெண் மக்களைப் படிக்க வைத்தல். உடல் முதிராத வயதில் தாய்மையை அவர்கள் தலையில் ஏற்றாதிருத்தல்.

நிறைவாக, இக்கழகத்தின் மாலை வகுப்புகளில் எழுத்தறிந்த இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் உங்கள் கையில் எழுத்தைக் கொடுத்திருக்கின்றது. தேர்வில் வெல்வதற்கும் வேலை பெறுவதற்கும் மட்டுமன்று அந்த எழுத்து. இன்று வீடு திரும்பியதும் உங்கள் அக்காளோ அண்ணியோ அண்டை வீட்டுப் பெண்ணோ கருவுற்றிருந்தால், அவருடைய பேறுகால அட்டையைக் கேட்டு வாங்குங்கள். இரத்த அழுத்தம், ஈமோகுளோபின், சர்க்கரை, எடை ஆகிய நான்கையும் படித்துச் சொல்லுங்கள். அடுத்த தேதி என்றைக்கு என்று பாருங்கள். அந்நாளில் அவரை அழைத்துச் செல்லுங்கள்.

எட்டாம் வகுப்பில் நான் செய்யத் தவறிய வேலை அது. நீங்கள் தவறவேண்டாம்.